நாய் குரைத்தால் திருடன்தானா?



நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்து ரப்பர் கொட்டகைக்கு ஒரு ஜாகா இருந்தார். அவரிடம் கறுப்பு நாய் ஒன்று இருந்தது. விடியற்காலையில் பிரட்டுக்குப் போகிறவர்கள், ஆயாக் கொட்டகைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய்மார்கள், சைக்கிளில் ரொட்டி விற்க வருகிறவர் என்று யார் போனாலும் அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஒரே ஒருவரைக் கண்டால் மட்டும் தொண்டை கிழியக் குரைக்கும். அவர் கிள்ளானிலிருந்து மாதம் ஒருமுறை வரும் சாவிக்காரர். பெட்டிச் சாவியைத் தொலைத்தவர்கள், துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாதவர்கள் எல்லாரும் அவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் பையில் வளைந்த கம்பிகள், அரம், சின்னச் சுத்தி, ஒரு வளையம் நிறையச் சாவிகள். நடந்தால் சலசலவென்று ஓசை வரும். ஒரு திருடன் பையிலும் இதே சாமான்தான் இருக்கும். நாய்க்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

அந்த நாயை நான் மறந்தே போயிருந்தேன். அண்மையில் ஒரு கணினி அதை நினைவூட்டிற்று.

எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்ற கிராணி ஐயா ஒருவர் இருக்கிறார். செக்ரோல் எழுதியே முதுகு வளைந்த மனிதர். தோட்டம் கைமாறி, பால் மரம் போய், செம்பனை வந்து, அதுவும் போய், இப்போது வீட்டுமனையாகிவிட்டது. பழைய குடும்பங்கள் கிள்ளான், காப்பார், பூச்சோங் என்று மலிவு விலை அடுக்குமாடிகளில் சிதறிக் கிடக்கின்றன. வீடு கேட்டு மனுக் கொடுப்பதற்காகக் கிராணி ஐயா சில ஆண்டுகளாக ஒரு பட்டியல் தயார் செய்துவந்தார். எந்தக் குடும்பம் எத்தனை ஆண்டு வேலை செய்தது, எந்த லயத்தில் எந்தக் கதவு, பழைய சம்பளச் சீட்டு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். குடும்பத்தார் தங்கள் சீட்டுகளைக் கைப்பேசியில் படம் பிடித்து அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்தார்கள். பலர் அனுப்பிய கையோடு அசல் சீட்டைத் தொலைத்தும் விட்டார்கள். "கிராணி ஐயாகிட்ட இருக்கே" என்ற தைரியம்!

பக்கவாதம் வந்தது. உயிர் தப்பினார். பேச்சு குழறிப் போயிற்று, வலது கை விழுந்துவிட்டது, மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் நினைவை விட்டுப் போயிற்று. மறந்தவர்களுக்குப் புதிதாகக் கொடுக்கும் வழி ஒன்று உண்டே என்பீர்கள். உண்டு. அதற்கான குறுஞ்செய்தி அவர் எப்போதோ கைவிட்ட பழைய கைப்பேசி எண்ணுக்குப் போகும். வீட்டிலுள்ள பழைய கணினியில் அவுட்லுக் என்னும் அஞ்சல் மென்பொருள் இருந்தது. கடவுச்சொல் அதில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். கணினி பழையதானபடியால் அவுட்லுக்கால் புதிய கடிதங்களை இறக்க முடியவில்லை. ஆக, சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

பேரப் பிள்ளை பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். அவன் மெயில் பாஸ்வியூ என்ற சிறு மென்பொருளை இறக்கினான். புள்ளிகளுக்குப் பின்னால் இருக்கும் சொல்லை எடுத்துக் காட்டுவது அதன் வேலை. இறக்கிய மறுவிநாடி கணினியில் இருந்த வைரஸ் தடுப்பான் சிவப்பு நிறத்தில் கூச்சல் போட்டு, அதைப் பிடித்துத் தனியறையில் அடைத்துவிட்டது. பையன் மிரண்டு போனான். வீட்டார் கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்கு ஓடினார்கள். அங்கே இருந்தவர் திரையைப் பார்த்தார். "மெஷின் முழுக்க வைரஸ். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும், எண்பது வெள்ளி" என்றார்.

மகள் எனக்குப் போன் செய்தார். "சார், அப்பா கம்ப்யூட்டரை அழிக்கச் சொல்றாங்க. அழிச்சிடலாமா சார்?"

"அழிக்க வேணாம்மா. அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துடுங்க. சாயங்காலம் நான் வர்றேன்" என்றேன்.

நான் கணினி மேதை அல்ல. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவன், அவ்வளவுதான். பள்ளியில் கணினி கெட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் சிலவற்றைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்ற பேச்சு நம்மிடம் உண்டு. அன்று கடையில் நடக்கவிருந்தது அதுதான். அதுவும் அந்த வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று கூட யாரும் படுக்கையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இந்தத் தடுப்பான்கள் எப்படித் திருடனை அடையாளம் காண்கின்றன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் வழி போலீஸ் நிலையத்துக் கைரேகைப் புத்தகம் போன்றது. முன்பு பிடிபட்ட தீய நிரல்களின் அடையாளங்களைத் தொகுத்து வைத்துக்கொண்டு, புதிதாக வருகிற கோப்பை அவற்றோடு ஒப்பிடும். இது பழைய திருடர்களுக்கு மட்டும் உதவும். நாள்தோறும் புதுப் புது நிரல்கள் முளைப்பதால் இரண்டாவது வழி தேவைப்பட்டது. அது நடத்தையைப் பார்ப்பது. இந்த நிரல் எங்கே கை வைக்கிறது? கடவுச்சொற்கள் உள்ள இடத்தைத் தொடுகிறதா? விசைப் பலகையில் தட்டுவதைக் கவனிக்கிறதா? தன்னை மறைத்துக்கொள்கிறதா? மூன்றாவது, ஊருக்குப் புதியவனா என்று பார்ப்பது. உலகத்தில் நாலு பேர்தான் இந்தக் கோப்பை வைத்திருக்கிறார்கள் என்றால் அதன்மேல் ஒரு சந்தேகக் கண். பெரிய நிறுவனத்தின் மென்பொருளைக் கோடிப் பேர் வைத்திருப்பார்கள். தனி மனிதர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து எழுதியதைச் சிலரே வைத்திருப்பார்கள். பாவம், அவர் மாட்டிக்கொள்வார்.

இனி மெயில் பாஸ்வியூ என்ன செய்கிறது என்று பாருங்கள். நாம் கடவுச்சொல்லைச் சேமிக்கச் சொன்னதும் அஞ்சல் மென்பொருள் அதைப் பூட்டி வைக்கிறது. பூட்டும் வேலையை விண்டோஸிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கம். விண்டோஸ் 2000 வந்த காலத்திலிருந்து இதற்கென்று ஓர் ஏற்பாடே இருக்கிறது. யார் பெயரில் கணினிக்குள் நுழைந்து பூட்டினார்களோ, அவர் பெயரில் நுழைந்து கேட்டால் விண்டோஸ் திறந்து கொடுத்துவிடும். ஆகவே இந்த மென்பொருள் பூட்டை உடைப்பதில்லை. வீட்டுக்காரர் வீட்டுக்குள் இருக்கும்போது அவர் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறது. கோடிக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கிற உடைப்பு மென்பொருள்கள் வேறு வகை. அவற்றுக்கு மணிக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். இதற்கு ஒரு விநாடி போதும்.

அந்த ஒரு விநாடியில்தான் வில்லங்கமும் இருக்கிறது. வீட்டுக்காரர் திறந்து வைத்த கணினிக்குள் ஒரு திருட்டு நிரல் புகுந்துவிட்டால் அதுவும் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித்தான் கேட்கும். விண்டோஸ் அதற்கும் கொடுக்கும். கேட்கிற முறை ஒன்றே, கேட்கிறவர் யார் என்பதே வேறு. ஜாகாவின் நாய்க்கு இருந்த அதே சங்கடம்!

மெயில் பாஸ்வியூவை எழுதியவர் நிர் சோபர் என்பவர். நிர்சாப்ட் என்ற பெயரில் இப்படிப் பல சின்னச் சின்னக் கருவிகளை எழுதி இலவசமாகக் கொடுத்துவருகிறார். ஒவ்வொன்றும் ஒரு கைக்குட்டை அளவுதான். உலாவியில் சேமித்த கடவுச்சொல்லைக் காட்ட ஒன்று, கணினிக்குள் போட்ட விண்டோஸின் எண்ணைக் காட்ட ஒன்று, வீட்டு வைபை கடவுச்சொல்லைக் காட்ட ஒன்று. 2009இலேயே அவர் மனம் நொந்து எழுதினார். தடுப்பான் நிறுவனங்கள் தம்முடைய நல்ல மென்பொருள்களை வைரஸ் என்று சொல்லிவிடுகின்றன. பயன்படுத்துகிறவர்கள் நம்மைத் திருடன் என்று நினைக்கிறார்கள். அந்த நிறுவனங்களிடம் முறையிட்டுத் திருத்தச் செய்வது சிறு உருவாக்குநர்களுக்குப் பெரும் தலைவலி என்பது அவர் எழுதியதன் சாரம். அவருடைய கடவுச்சொல் கருவிகள் சிலவற்றை இறக்கும்போது அவை பூட்டிய பொட்டலமாக வரும். திறக்கும் சொல் அதே பக்கத்தில் எழுதியிருக்கும். பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நாய்க்குத் தெரியாமல் கேட்டைத் தாண்டி வருவதற்கு அதுதான் வழி. நேர்மையான சாவிக்காரர் பையைத் துணியால் மூடிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

இதைப் படித்ததும் தடுப்பான் நிறுவனங்களைத் திட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு எமோடெட் கதையைப் படித்தேன். 2014இல் தலைகாட்டிய மிகக் கொடிய தீய நிரல் அது. வங்கிக் கணக்குகளைக் குறிவைத்துப் புறப்பட்டு, பிறகு மற்றத் திருட்டு நிரல்களை வீட்டுக்குள் அழைத்து வரும் தரகனாக மாறியது. 2018 ஜூலையில் அமெரிக்க அரசின் கணினி அவசர உதவிக் குழு அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. எமோடெட் பரவுவதற்கும் திருடுவதற்கும் கையாளும் கருவிகள் அதில் வரிசையாக இருந்தன. அவற்றில் நெட்பாஸ், வெப் பிரவுசர் பாஸ்வியூ, மெயில் பாஸ்வியூ மூன்றும் இருந்தன! நெட்பாஸ் என்பது நிர்சாப்ட் உருவாக்கிய முறையான கருவி என்று அந்த எச்சரிக்கையே சொன்னது. திருடர்கள் சொந்தமாக ஒன்றை எழுத மெனக்கெடாமல், நல்ல மனிதர் செய்து வைத்த கருவியையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். 2021 ஜனவரியில் எட்டு நாடுகளின் அதிகாரிகள் சேர்ந்து எமோடெட்டின் கணினிகளைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அது திரும்பி வந்துவிட்டது.

எனவே அந்தக் கூச்சல் முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. 'இந்தக் கருவியை நீங்கள்தான் கொண்டு வந்தீர்களா?' என்று கேட்டால் நியாயம். 'இது வைரஸ்' என்று கத்துவதுதான் பிழை. சில நிறுவனங்கள் இந்த வேறுபாட்டைப் பெயரிலேயே காட்டுகின்றன. சிவப்புப் பெட்டியைக் கண்டதும் அலறாமல் அதில் எழுதியுள்ள பெயரை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாப்டின் தடுப்பான் 'ஹேக்டூல்' என்று சொன்னால் அது கருவி என்ற பொருளில் சொல்கிறது. 'பி.யு.ஏ.' என்றால் நீங்கள் விரும்பாமல் வந்திருக்கக்கூடிய மென்பொருள். காஸ்பர்ஸ்கை 'ரிஸ்க்வேர்' என்றோ, 'நாட் எ வைரஸ்' என்று தொடங்கிப் 'பி.எஸ்.டபிள்யூ.டூல்' என்றோ எழுதினால் அது வைரஸ் அல்ல, ஆனால் தவறான கையில் ஆபத்து என்று பொருள். 'டிரோஜன்' என்றும் 'ரான்சம்' என்றும் இருந்தால் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரம். வேடிக்கை பாருங்கள், வைரஸ் அல்ல என்று எழுதிவிட்டு அதையும் எச்சரிக்கையாகத்தான் காட்டுகிறார்கள். எங்கள் பள்ளியில் தேறிய பிள்ளைக்குச் சிவப்பு மையில் மதிப்பெண் போட்டால் தாய் அழுதுகொண்டு வந்து நிற்பார்.

தவறாகக் குரைப்பது சின்னக் கருவிகளுக்கு மட்டும் நேர்வதில்லை. 2011 செப்டம்பர் 30ஆம் நாள் மைக்ரோசாப்டின் தடுப்பான் கூகிளின் குரோம் உலாவியைக் கடவுச்சொல் திருடும் நிரல் என்று முடிவுகட்டியது. ஏறத்தாழ 3,000 பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று நிறுவனமே சொன்னது. அதற்கு முன்பு 2007 மே மாதம் சிமாந்தெக்கின் தடுப்பான் சீன மொழி விண்டோஸின் இரண்டு உயிர்நாடிக் கோப்புகளைத் தீயவை என்று அகற்ற, அந்தக் கணினிகள் மறுபடி எழும்பவே இல்லை. 2010 ஏப்ரல் 21இல் மெக்காபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான கோப்பு ஒன்றை வைரஸ் என்றது. மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கணினிகள் அணைந்து அணைந்து எரிந்தன. 2012 செப்டம்பரில் சோபாஸ் என்ற தடுப்பான் தன்னுடைய புதுப்பிக்கும் பகுதியையே தீயது என்று பிடித்துக்கொண்டது. தன் வாலைத் தானே கடித்த நாய்!

2024 ஜூலை 19ஆம் நாளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அது பொய் எச்சரிக்கை அல்ல. கிரவுட்ஸ்டிரைக் என்ற காவல் மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு. உலகம் முழுவதும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்தில் ஏர் ஏசியா பயணிகளுக்குக் கையால் எழுதி அனுப்ப வேண்டி வந்தது. நம் நாட்டில் ஐந்து அரசு அமைப்புகளும் ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டன என்று இலக்கவியல் அமைச்சர் கோவிந்த் சிங் டியோ அறிவித்து, இழப்பை ஈடுசெய்வது பற்றி யோசிக்கும்படி மைக்ரோசாப்டையும் கிரவுட்ஸ்டிரைக்கையும் கேட்டுக்கொண்டார். காவல்காரனே கதவுக்குக் குறுக்கே மயங்கி விழுந்தால் வீட்டுக்காரனும் உள்ளே போக முடியாது. இது வெள்ளைக்காரர் சமாசாரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். சென்னையில் கே7 என்ற நிறுவனம் 1990களின் தொடக்கத்திலிருந்து தடுப்பான் செய்துவருகிறது. யார் செய்தாலும் இந்தத் தொல்லை இந்தத் தொழிலோடு பிறந்தது. திருடனை ஒருவனும் விடக் கூடாது என்று வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் நல்ல மீனும் சிக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு எனக்கு ஒரு பயம் வருகிறது. 'ஆசிரியர் சொல்லிவிட்டார், சிவப்புப் பெட்டியெல்லாம் சும்மா' என்று யாராவது எடுத்துக்கொண்டால்? ஐயா, அம்மா, நான் அப்படிச் சொல்லவில்லை. திருடர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள்!

2022 ஏப்ரலில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் நம் மலேசியாவைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. வீடு சுத்தம் செய்து கொடுப்பதாக முகநூலில் விளம்பரம். தட்டினால் உண்மையான நிறுவனம் போலவே ஒரு பக்கம். செயலியை இறக்கினால்தான் பதிவு செய்யலாம். கூகிள் பிளே பொத்தான் போலவே இருக்கும், ஆனால் கோப்பு திருடர்களின் கணினியிலிருந்து வரும். கட்டணம் செலுத்தும் இடத்தில் எட்டு மலேசிய வங்கிகளின் பெயர்ப் பட்டியல். நீங்கள் வங்கிப் பெயரும் கடவுச்சொல்லும் எழுதியதும் அவை அவர்கள் கைக்குப் போய்விடும். வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எண்ணையும் அந்தச் செயலியே அள்ளி அனுப்பிவிடும். பிறகு கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸாப்பில் வந்த கோப்புகளும் இதே குடும்பம்தான். இப்படிப்பட்ட கோப்பைப் போடும்போது கைப்பேசி ஆபத்து என்று எச்சரிக்கும். மறுமுனையில் இனிக்க இனிக்கப் பேசுகிற குரல், "அது சும்மாம்மா, எல்லாத்துக்கும் அப்படித்தான் வரும், அலவ் கொடுங்க" என்று சொல்லும். அங்கே நாய் குரைத்தது திருடனைப் பார்த்துத்தான்.

அப்படியானால் எதை நம்புவது? நான் கிராணி ஐயா வீட்டில் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் வெளி வட்டு ஒன்றை இரவல் வாங்கி, ஐயாவின் கோப்புறைகளையும் அவுட்லுக் கடிதங்களையும் நகலெடுத்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. கடவுச்சொல் கிடைக்காவிட்டாலும் பழைய கடிதங்களாவது மிஞ்சும் அல்லவா? கடையில் இந்த ஒரு காரியத்தைக் கூட யாரும் சொல்லாததுதான் எனக்கு ஆற்றாமை.

பிறகு உலாவியைத் திறந்து அமைப்புகளுக்குள் கடவுச்சொற்கள் என்ற பகுதியைப் பார்த்தேன். பலருக்கு இது தெரியாது. குரோம், பயர்பாக்ஸ் போன்ற உலாவிகளில் நீங்கள் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அங்கேயே கண் போன்ற குறியைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கருவியும் வேண்டாம், எந்த நாயும் குரைக்காது. ஐயாவின் உலாவியில் மின்சாரக் கட்டணக் கணக்கு மட்டும் இருந்தது. அவர் அஞ்சலை அவுட்லுக்கில் மட்டுமே பார்த்திருக்கிறார்.

அதன் பிறகுதான் மெயில் பாஸ்வியூ. பேரப் பிள்ளையிடம், "தம்பி, இதை எங்கேருந்து இறக்குன?" என்று கேட்டேன். தேடலில் முதலில் வந்த ஏதோ ஓர் இடத்தைக் காட்டினான். அது எழுதியவரின் சொந்த இடம் அல்ல. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. பூட்டுத் திறக்கும் கருவியைத் தேடுகிறவன் அவசரத்தில் இருப்பான் என்பது திருடனுக்குத் தெரியும். நல்ல கருவியின் பெயரை ஒட்டிக் கெட்டதை வழியில் வைத்திருப்பான். பையன் இறக்கியதை அப்படியே விட்டுவிட்டு, நிர்சாப்டின் சொந்த இடத்திலிருந்து புதிதாக இறக்கினோம். வந்த கருவியை இயக்கும் முன்பு வைரஸ்டோட்டல் என்ற இடத்தில் சோதித்தோம். 2004இல் ஸ்பெயின் நாட்டில் தொடங்கியது அது. 2012இல் கூகிள் வாங்கிக்கொண்டது. ஒரு கோப்பைக் கொடுத்தால் எழுபது தடுப்பான்கள் போல ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். சாதாரண மென்பொருளுக்கு ஒன்றிரண்டு மட்டும் குரைத்தால் பெரும்பாலும் வீண் கூச்சல் என்பார்கள். கடவுச்சொல் கருவிக்கு அந்தக் கணக்கு செல்லாது, பாதிக்கு மேல் குரைக்கும். எண்ணிக்கையை விட்டுவிட்டு என்ன பெயர் சொல்கின்றன என்று படிக்க வேண்டும். நாங்கள் படித்தபோது ஹேக்டூல், ரிஸ்க்வேர், பாஸ்வியூ என்றே பெரும்பாலும் வந்தது. ஒன்று சொல்லி வைக்கிறேன், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு போன்ற சொந்தக் கோப்புகளை அந்த இடத்தில் ஏற்றிவிடாதீர்கள். அங்கே ஏற்றியதை ஆராய்ச்சி செய்கிறவர்கள் எடுத்துப் பார்க்க முடியும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். கிராணி ஐயாவைச் சக்கர நாற்காலியில் கணினி முன்னால் கொண்டு வரச் சொன்னேன். "ஐயா, உங்க பாஸ்வர்டை எடுக்கப் போறோம். எடுக்கலாங்களா?" என்று கேட்டேன். அவருக்குப் பேச்சு வராது, ஆனால் புத்தி தெளிவு. தலையை ஆட்டினார். இது மரியாதைக்காக மட்டும் கேட்டதல்ல. நம் நாட்டில் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. உரிமையில்லாமல் ஒருவருடைய கணினிக்குள் நுழைந்தால் 50,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். கணவன் மனைவியின் கணினியை, முதலாளி பணியாளின் கைப்பேசியை, 'சும்மா பார்க்கலாம்' என்று இந்தக் கருவியை வைத்துத் துழாவினால் அப்போது நாய் சொன்னதே உண்மையாகிவிடும்.

இணைய இணைப்பைப் பிடுங்கினோம். தடுப்பானை முழுவதும் அணைக்கவில்லை. ஒரு தனிக் கோப்புறைக்கு மட்டும் விலக்குக் கொடுத்துக் கருவியை அதற்குள் வைத்தோம். இணைப்பு இல்லாவிட்டால் அது ஒருவேளை திருட்டுக் கருவியாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் எதையும் வெளியே அனுப்ப முடியாது. இருமுறை தட்டினேன். ஒரு சின்னச் சட்டம் திறந்தது. ஒரே ஒரு வரி. ஐயாவின் மின்னஞ்சல் பெயர், பக்கத்தில் கடவுச்சொல்.

மகள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். என்ன சொல் என்று நான் எழுத மாட்டேன். எங்கள் பழைய தோட்டத்துக்காரர்கள் யாரும் ஊகித்துவிடுவார்கள், அதனால்தான் அன்றே அதை மாற்றச் செய்தேன்.

கருவியை அழித்து, விலக்கை நீக்கி, தடுப்பானைக் கணினி முழுவதும் ஒருமுறை ஓட விட்டோம். ஒன்றும் இல்லை. கடைக்காரர் சொன்ன 'முழுக்க வைரஸ்' எங்கே போயிற்றோ! பிறகு இணைப்பைக் கொடுத்து உலாவியில் அஞ்சலைத் திறந்தோம். ஐயா படுத்த பிறகு வந்த கடிதங்கள் அடுக்கடுக்காகக் காத்திருந்தன. சம்பளச் சீட்டுப் படங்கள், பழைய அடையாள அட்டைகள், ஒரு பாட்டி தன் கணவர் பால் வாளியோடு நிற்கும் படம். அதற்கும் வீட்டு மனுவுக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் அனுப்பியிருக்கிறார். ஒரு சீட்டில் கீழே கிராணி ஐயாவின் சொந்தக் கையெழுத்தே இருந்தது. அவர் இடது கை விரலால் திரையில் அதைத் தொட்டுக் காட்டினார்.

எல்லாவற்றையும் அச்சடித்து மூன்று கட்டாகக் கட்டினோம். ஒன்று ஐயா வீட்டில், ஒன்று குழுவின் வழக்கறிஞரிடம், ஒன்று கோயில் இரும்புப் பீரோவில். மீட்பு எண்ணாக மகளின் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்தாயிற்று. மனு போய்விட்டது, பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் சிவப்புப் பெட்டி எழும்பி, எது உண்மை என்று குழம்பினால் கேட்பதற்கு இடம் உண்டு. 1997இல் தொடங்கிய மைசெர்ட் குழு இப்போது சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் கீழ் இருக்கிறது. அவர்களுடைய சைபர்999 சேவையிடம் கணினித் தொல்லைகளைத் தெரிவிக்கலாம். பணம் கணக்கிலிருந்து போய்விட்டது என்றால் அங்கே போய் நேரம் கழிக்காமல் உடனே உங்கள் வங்கியை அழையுங்கள், அல்லது 997ஐ அழையுங்கள். அது 2022 அக்டோபரில் மோசடிகளுக்கென்றே தொடங்கிய தேசிய மையத்தின் எண்.

என்னிடம் கேட்க விரும்புகிறவர்கள் வழக்கம்போல் இப்பகுதிக்கு எழுதுங்கள். திரையில் வந்த பெயரைப் பிழையில்லாமல் பார்த்து எழுதுங்கள். போன தடவை ஒரு வாசகி நல்லெண்ணத்தில் தம் கடவுச்சொல்லையும் சேர்த்தே எழுதி அனுப்பிவிட்டார். அம்மா, அதை மாற்றிவிட்டீர்களா?